நொய்யலில் தண்ணீரை அளக்கப் போகிறவர்களுக்கு

கோவைப் பக்கத்துக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் இறுதியாண்டு புராஜெக்டுக்கு நொய்யல் ஆற்றைத்தான் எடுக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம், மாசுக்கும் பஞ்சமில்லை. அறிக்கையைப் புரட்டினால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம்), பி.ஓ.டி. (அழுகும் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), குளோரைடு எல்லாம் புள்ளி பிசகாமல் அட்டவணையில் இருக்கும். "சாம்பிள் எடுத்த அன்னைக்கு ஆத்துல எவ்வளவு தண்ணி போச்சு?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "ஃப்ளோ எடுக்கலைங்க மேடம்."

ஓட்டம் தெரியாமல் எடுத்த டி.டி.எஸ். எண்ணால் என்ன சொல்ல முடியும்? கணக்குக்காக இரண்டு நாளை வைத்துக்கொள்வோம். முதல் நாள் டி.டி.எஸ். லிட்டருக்கு 1,800 மில்லிகிராம், ஆற்றில் நொடிக்கு 820 லிட்டர். பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 127 டன் உப்பு அந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. அடுத்த வாரம் மழை. டி.டி.எஸ். 700-க்கு இறங்கிவிட்டது, ஆனால் ஓட்டம் நொடிக்கு 4,000 லிட்டர். இப்போது நாளுக்கு 240 டன்னுக்கும் மேல். அட்டவணையை மட்டும் பார்க்கிறவர் "மழையில் ஆறு சுத்தமானது" என்று எழுதுவார். கீழே இருக்கும் அணைக்கோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த ஆற்றில் இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாக மாறிய கதை ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதன் தொடர்ச்சிதான். ஆனாலும் நீர்நிலையில் விடும் கழிவுக்கான டி.டி.எஸ். வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று செறிவில்தான் இருக்கிறது. நல்ல தண்ணீரைக் கலந்தால் செறிவு இறங்கும், டன் கணக்கு இறங்காது. ஆகவே மழை, ஓட்டம், சாம்பிள் மூன்றையும் ஒரே கடிகாரத்தில் எடுங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

மழைமானி

முதலில் மழை. மொட்டை மாடியில் மழைமானி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். கோவையில் குறிப்பாக வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலைப் படுக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகும். மாடிக் கைப்பிடிச் சுவரில் மோதி மேலெழும் காற்று துளிகளை மானியின் வாய்க்குள் விழவிடாது. கீழே சட்டை நனைந்திருக்கும், மாடியில் மானி காலி. தரையில், வாய் விளிம்பு தரைமட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். பக்கத்திலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். 6 மீட்டர் வேப்பமரம் என்றால் 12 மீட்டர். வாய் சமமட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

வானிலைத் துறை பயன்படுத்தும் கண்ணாடியிழை மானிகளில் 100, 200 சதுர சென்டிமீட்டர் என்று இரண்டு வாய்ப் பரப்பு உண்டு. கணக்கு எளிது. 200 சதுர சென்டிமீட்டர் வாயில் 20 மில்லிலிட்டர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. கையில் எந்தப் புனல் இருந்தாலும் சரி, சேர்ந்த மில்லிலிட்டரைப் பத்தால் பெருக்கி வாய்ப் பரப்பால் வகுத்தால் மி.மீ. வந்துவிடும். 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள புனலுக்கு வாய்ப் பரப்பு ஏறக்குறைய 200. விளிம்பு மழுங்கலாக, தடித்து இருக்கும் பிளாஸ்டிக் புனல் ஆகாது. விளிம்பில் பட்ட துளி உள்ளே விழுமா வெளியே தெறிக்குமா என்பது அதன் இஷ்டம்.

புனலுக்குக் கீழே தண்ணீர் சேரும் பாட்டிலைச் சின்னதாக வைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. 200 சதுர சென்டிமீட்டர் மானியில் அது 19 லிட்டர். 10 லிட்டர் பாட்டிலே 500 மி.மீ.யில் நிரம்பி வழிந்துவிடும். கோவைக்கு அவ்வளவு தேவைப்படாது என்று வாதாடலாம். ஆனால் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வைக்கப்போகும் மானிக்கு நகரத்துச் சராசரியை நம்பி பாட்டில் வாங்காதீர்கள். பெருமழை நாளில் நடுவே ஒருமுறை அளந்து கொட்டிவிட்டு, நேரத்தோடு எழுதிவைத்தால் போதும். காலையில் கூட்டிக்கொள்ளலாம்.

அளக்கும் நேரம் காலை 8:30. உலக நேரத்தில் அது 3:00 மணி, நாடு முழுக்க அப்போதுதான் அளக்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 8:30-க்கு அளந்த மழையை அன்றைய தேதியில்தான் எழுதுவது வழக்கம். 5-ஆம் தேதி சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டிய மழை 6-ஆம் தேதிக் கணக்கில் ஏறும். ஆற்று மட்டத்தையோ நீங்கள் 5-ஆம் தேதி இரவே எழுதியிருப்பீர்கள். இரண்டையும் அப்படியே எக்செலில் போட்டு வரைந்தால் வெள்ளம் முந்தின நாள், மழை மறுநாள். மழைக்கு முன்னாலேயே ஆறு பெருகிய இந்தப் படங்களை வைவா மேஜையில் நிறையவே பார்த்திருக்கிறேன். ஐப்பசியில் கோவைக்கு மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் வருகிறது என்பதால் இந்த ஒரு நாள் வழுக்கல் ஏறக்குறைய ஒவ்வொரு மழைக்கும் நடக்கும்.

அதனால் தினமும் அளக்கும் இந்தப் பாட்டில் மானியோடு ஒரு சாய்கலன் மானியும் இருந்தால் நல்லது. உள்ளே தராசு போல இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும், ஒவ்வொரு சாய்வும் நேரத்தோடு பதிவாகும். 0.5 மி.மீ.க்கு ஒரு சாய்வு, வாய் 200 சதுர சென்டிமீட்டர் என்றால் ஒரு சாய்வுக்கு 10 மில்லிலிட்டர். சரிபார்க்க 500 மில்லிலிட்டர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, அரை மணி நேரமாவது எடுத்து ஊற்றுங்கள். 50 சாய்வு வர வேண்டும். கொட்டுகிற மழையில் கிண்ணம் சாயும் நொடியிலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருப்பதால் இந்த மானி குறைத்துத்தான் காட்டும். நாள் மொத்தத்துக்குப் பாட்டிலை நம்புங்கள், எந்த மணிக்கு எவ்வளவு என்பதற்குச் சாய்கலனை. வேப்பம்பூ காலத்தில் புனல் அடைத்துக்கொள்ளும். உள்ளே சிலந்தி வலை கட்டினால் கிண்ணம் பாதியில் நின்றுவிடும். சுற்றிலும் மழை பெய்த நாளில் பூஜ்யம் காட்டினால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

எத்தனை மானி வேண்டும்? நொய்யலுக்கு ஒன்று போதாது, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். தென்மேற்குப் பருவமழையில் மேற்கே மலையில் அடைமழை பிடித்திருக்கும், பீளமேட்டில் தூறல்கூட இருக்காது. வடகிழக்கில் பல நாள் இது தலைகீழ். விமான நிலையத்து மழையளவும் வேளாண் பல்கலைக்கழகத்து மழையளவும் ஒரே நாளில் ஒத்துப்போகாமல் இருப்பதே உண்டு, நடுவில் சில கிலோமீட்டர்தான். வானிலைத் துறையின் கட்ட மழைத் தரவை இறக்கிக்கொள்ளலாமே என்பார்கள். அதில் ஒரு கட்டம் 0.25 பாகை, அதாவது ஏறக்குறைய 27 கிலோமீட்டர் பக்கம். மலைச்சரிவும் மழை மறைவும் அந்த அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். நீண்டகாலப் போக்குக்கு அது நல்லது, உங்கள் பாலத்துக்கடியில் நேற்று வந்த தண்ணீருக்கு உதவாது. அடிவாரத்தில் ஒன்று, பேரூர்ப் பக்கம் ஒன்று, அளக்கும் இடத்தருகே ஒன்று, இதுவே குறைந்தபட்சம். பள்ளிக்கூடமோ தோட்டத்து வீடோ, தினமும் 8:30-க்குத் தவறாமல் பார்க்க ஒரு ஆள் இருக்கிற இடத்தில் வையுங்கள்.

ஆற்றில் இடம் பிடிப்பது

பாலத்தருகே வசதி. ஆனால் தூண்களுக்கு நடுவே தண்ணீர் சுழலும். பாலத்துக்குச் சற்று மேலே, ஆறு நேராக ஓடும் ஐம்பது மீட்டராவது பார்த்துப் பிடியுங்கள். கீழே அணைக்கட்டு இருந்தால் அதன் தேக்கம் உங்கள் இடம்வரை ஏறுகிறதா என்று கவனியுங்கள். நொய்யலில் சித்திரைச்சாவடியில் தொடங்கி வரிசையாக அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் பிரிந்து குளங்களுக்குப் போகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நாளில் மேலே பெய்த மழை குளத்துக்குள் போய்விடும், ஆற்றில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மழைக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அந்த அணைக்கட்டின் லஸ்கரிடம், அதாவது ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடம், ஒரு வார்த்தை கேளுங்கள். அவரிடம் இருக்கும் நோட்டு எந்த இணையதளத்திலும் கிடைக்காது. எங்களுக்கு வழி காட்டிய ஒரு பெரியவர் மேற்கே கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இப்ப நிக்காதீங்க அம்மிணி, அங்க பேஞ்ச தண்ணி இங்க வர ராத்திரி ஆயிரும், போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். அந்தப் பயண நேரத்தைத்தான் பின்னால் வரைபடத்தில் தேடப் போகிறீர்கள்.

இன்னொன்று. கோடையில் நகரத்துக்குக் கீழே நொய்யலில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்தான். அதற்கு மழை தெரியாது, மனிதர்கள் குளிக்கிற நேரம் தெரியும். காலையில் பெருகும், நடுப்பகலில் இறங்கும், மாலையில் மறுபடி ஏறும், நள்ளிரவுக்குப் பின் வற்றும். அந்த ஏற்றம் கீழே உங்கள் இடத்துக்கு வந்துசேரச் சில மணி நேரம் பிந்தும். இதை அறிய மழையில்லாத ஒரு நாளில், இருட்டிய பிறகும் விடாமல், மணிக்கு ஒருமுறை மட்டம் எடுங்கள். அந்த ஒரு நாள் வளைவு கையில் இருந்தால்தான் மழை நாளில் எவ்வளவு கூடுதல் என்று கழித்துப் பார்க்க முடியும். அளவை மனதில் பிடிக்க ஒரு எண்: உக்கடம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 7 கோடி லிட்டர். நொடிக்குக் கணக்கிட்டால் 810 லிட்டர். ஒரு சின்ன ஆற்றின் வறட்சிக்கால ஓட்டம் அளவுக்கு அது இருக்கிறது.

மட்டம்

அளவுகோல் பலகை வாங்க முடிந்தால் இனாமல் பலகை. இல்லையென்றால் பாலத்துத் தூணில் பெயிண்டால் சென்டிமீட்டர் கோடு போடலாம், உரிய துறையின் அனுமதி வாங்கிக்கொண்டு. எதுவானாலும் பலகையின் பூஜ்யத்தை அருகில் அசையாத ஒரு புள்ளியோடு, அதாவது பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மூலை போன்ற ஒன்றோடு, லெவல் கருவி வைத்து ஒப்பிட்டு, உயர வித்தியாசத்தை எழுதிவைத்துவிடுங்கள். வெள்ளத்தில் பலகை பிடுங்கிக்கொண்டு போனால் அதே உயரத்தில் புதுப் பலகை வைக்க அந்த ஒரு அளவு போதும். பூஜ்யம் எப்போதும் ஆற்றின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் கீழே இருக்கட்டும், மைனஸ் எண்கள் பதிவேட்டில் வந்தால் யாராவது ஒருவர் குறியை விட்டுவிடுவார்.

தானியங்கி உணரியைப் பாலத்தில் தொங்கவிட ஆசையா? மீயொலி உணரிகள் மலிவு. ஆனால் இந்த ஆற்றில் மழை தொடங்கியதும் சில இடங்களில் நுரை மலைபோல் எழும். நுரை மீயொலியை விழுங்கிவிடும், சில நேரம் நுரையின் மேல்மட்டத்தையே நீர்மட்டம் என்று காட்டிவிடும். ஆக முக்கியமான முதல் மழையன்றுதான் தரவு குப்பையாகும். பணம் இருந்தால் ராடார். இல்லையென்றால் தண்ணீருக்குள் குழாய் போட்டு அழுத்த உணரி. அதற்கும் மாதமொரு முறை சேறு வழிக்க வேண்டும்.

நீங்கள் இல்லாத நேரத்தில் வந்துபோன உச்ச மட்டத்தைப் பிடிக்க மின்சாரமே தேவையில்லை. இரண்டு அங்குலக் குழாய், கீழே சில துளைகள், உள்ளே ஒரு மரச்சட்டம், கொஞ்சம் கார்க் தூள். தண்ணீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறி, உச்சத்தில் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் சட்டத்தை உருவினால் கோடு தெரியும். அளந்து, துடைத்து, மறுபடி செருகுங்கள். குழாயும் இல்லையென்றால் சீமைக்கருவேலத்தில் தொங்கும் பிளாஸ்டிக் பைகளின் மட்டமே சாட்சி. அதையும் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள், ஆனால் பழைய வெள்ளத்துப் பையா இந்த வெள்ளத்துப் பையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகாயத்தாமரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாலத்துக் கண்களில் அது அடைத்துக்கொண்டால் ஓட்டம் ஒரு சொட்டுக்கூடக் கூடாமலேயே மட்டம் ஏறும். மட்டம் எடுக்கும்போதெல்லாம் கீழ்ப்பக்கத்தை ஒரு படம் எடுங்கள். பிறகு "அன்றைக்கு ஏன் ஏறியது" என்ற கேள்விக்கு அந்தப் படம்தான் பதில்.

ஓட்டத்தை அளப்பது

வேகமானி இருந்தால் அது மேல். ஆழம் குறைவான இடத்தில் மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் ஒரு அளவு, ஆழம் கூடிய இடத்தில் 0.2, 0.8 இரண்டிலும் எடுத்துச் சராசரி. கருவியின் தரப்படுத்தல் சான்று எப்போதையது என்று பாருங்கள். புனேயில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் இதற்கென்றே நீள்தொட்டி இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் பல வருஷமாகப் பெட்டியில் கிடக்கும் கிண்ண வேகமானியின் தாங்கி துருப்பிடித்திருக்கும், மெதுவான ஓட்டத்தில் அது சுற்றவே சுற்றாது.

மிதவை போதும் என்று நினைப்பவர்களுக்குத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

மிதவையாகத் தெர்மோகோல் துண்டு, கொட்டாங்குச்சி எதுவும் வேண்டாம். மேற்கத்திக் காற்று அவற்றைத் தண்ணீரைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும். முக்கால்வாசி தண்ணீரில் முழுகி மிதக்கும் பொருள் வேண்டும். எலுமிச்சம்பழம் அதற்குப் பொருத்தம். ஆனால் பேரூர்ப் படித்துறைப் பக்கம் நின்று வரிசையாக எலுமிச்சம்பழத்தை ஆற்றில் வீசினால் கரையில் இருப்பவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. யாருக்கோ எதையோ கழிக்கிறீர்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள், சிலர் சண்டைக்கும் வருவார்கள். நான் கமலா ஆரஞ்சுக்கு மாறிவிட்டேன். கண்ணுக்கும் நன்றாகத் தெரிகிறது.

20 மீட்டர் நீளத்தை இரு கரையிலும் கம்பு நட்டுக் குறியுங்கள். பழத்தை மேல் கோட்டுக்குச் சில மீட்டர் முன்பாகவே போடுங்கள், கோட்டைத் தாண்டும்போது அது ஆற்றின் வேகத்தைப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் மட்டும் போட்டால் போதாது. இடது, நடு, வலது என்று மூன்று தடத்திலும் தடத்துக்கு மூன்று முறையாவது.

ஆழத்துக்கு அளவுக்கோடு போட்ட லெவல் கம்பைத் தண்ணீருக்குள் ஊன்றும்போது கவனம். நகரத்துக்குக் கீழே நொய்யலின் அடியில் கறுப்புக் கசடு முழங்கை ஆழம்கூட இருக்கும். கம்பின் நுனி சத்தமில்லாமல் அதற்குள் இறங்கிவிடும். 40 சென்டிமீட்டர் தண்ணீரை 65 என்று எழுதிவிடுவீர்கள். கம்பின் அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பலகை வைத்துத் திருகினால் கசடின் மேலேயே உட்காரும். கம்பை இறக்கும்போது கையில் முதல் தடை தட்டுப்படும் இடம்தான் அடி. அதற்கு மேல் அழுத்தக் கூடாது.

இப்போது கணக்கு. ஆறு 9 மீட்டர் அகலம், 1.5 மீட்டருக்கு ஒரு ஆழம் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள்: கரையில் 0, பிறகு 0.22, 0.35, 0.48, 0.41, 0.25, மறுகரையில் 0. ஒவ்வொரு ஆழத்தையும் 1.5-ஆல் பெருக்கினால் அந்தத் துண்டின் பரப்பு. முதல் இரண்டு துண்டும் இடது தடம், 0.855 சதுர மீட்டர். அடுத்த இரண்டும் நடு, 1.335. கடைசி வலது, 0.375. பழம் 20 மீட்டர் கடக்க இடதில் 62 நொடி, நடுவில் 45, வலதில் 80. மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.32, 0.44, 0.25 மீட்டர். மேற்பரப்பு எப்போதும் அடியைவிட வேகம் என்பதால் 0.85-ஆல் பெருக்கிச் சராசரி ஆக்குங்கள். கல் நிறைந்த, ஆழமில்லாத இடத்தில் அந்த 0.85 இன்னும் குறையும். பரப்பையும் வேகத்தையும் தடவாரியாகப் பெருக்கிக் கூட்டினால் நொடிக்கு 0.82 கன மீட்டர், அதாவது 820 லிட்டர். லஸ்கரிடம் சொல்லும்போது 29 கன அடி என்று சொல்லுங்கள், அப்போதுதான் "ஆமாங்க, அவ்ளோதான் இருக்கும்" என்றோ "சான்ஸே இல்லைங்க" என்றோ பதில் வரும். இதே கணக்கில் நடுத்தட வேகத்தை மட்டும் ஆறு முழுக்கப் போட்டிருந்தால் 970 லிட்டர் வந்திருக்கும். 18 சதவீதம் கூடுதல், உப்புக் கணக்கிலும் அதே 18 சதவீதம்.

ஆற்றில் வந்து விழும் சின்னச் சாக்கடை வாய்க்கால்களுக்கு மிதவை சரிப்படாது. அங்கே 90 பாகை வி வடிவ வெட்டு உள்ள தகட்டைக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் கீழ்முனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்று மீட்டரில் எடுத்து, அதை 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38-ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கன மீட்டர். 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் 25 லிட்டருக்குச் சற்றே குறைவு, 10 சென்டிமீட்டர் என்றால் 4.4 லிட்டர்தான். உயரத்தை வெட்டின் வாயிலேயே அளக்காதீர்கள், அங்கே தண்ணீர் வளைந்து இறங்கியிருக்கும். சற்று மேலே, தண்ணீர் தட்டையாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும். கேரி பேக் வந்து வெட்டில் ஒட்டிக்கொள்ளும், எடுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்து அளவெடுங்கள்.

அடிவாரத்தில் பாறைகளுக்கு நடுவே குதித்தோடும் ஓடைகளில் மேற்சொன்ன எதுவும் எடுபடாது. சாப்பாட்டு உப்பைக் கரைத்துக் கொட்டி, கீழே மின்கடத்துதிறன் ஏறி இறங்குவதை நொடிவாரியாகப் பதிந்து கணக்கிடுவார்கள். அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே உப்பாக ஓடும் திருப்பூர்ப் பக்கத்து நீரில் அந்த முறை செல்லாது.

தினமும் இறங்கி அளக்க முடியாது. அதற்குத்தான் மட்டத்துக்கும் ஓட்டத்துக்குமான வளைவு. குறைந்தது எட்டுப் பத்து முறை, வெவ்வேறு மட்டங்களில் ஓட்டம் அளந்து வரைபடத்தில் போட்டால் பிறகு மட்டத்தை மட்டும் பார்த்து ஓட்டத்தைச் சொல்லலாம். பத்துப் புள்ளியும் கோடைக்கால மட்டத்திலேயே குவிந்திருந்தால் பயனில்லை. அளந்ததில் மிக உயர்ந்த மட்டத்துக்கு மேலே கோட்டை நீட்டினால் அந்தப் பகுதியைப் புள்ளிக்கோடாகப் போட்டு, அறிக்கையில் அப்படியே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகும், பொக்லைன் விட்டுத் தூர்வாரிய பிறகும் வளைவைச் சரிபார்க்க வேண்டும். தூர்வாரிய ஆற்றுக்குப் பழைய வளைவு வேறொரு ஆற்றுடைய வளைவு.

சாம்பிளும் பதிவேடும்

ஓட்டம் கையில் வந்த பிறகு சாம்பிள் எடுக்கும் முறையும் மாறும். மாதம் ஒன்று, காலை பத்து மணி, வெயிலடிக்கிற நாள் என்று எடுத்தால் வருஷத்து மாசின் பெரும் பாரம் கடந்துபோன நாட்களில் ஒன்றுகூட உங்கள் கையில் இருக்காது. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழைக்கு ஆயத்தமாக இருங்கள். சாலைத் தூசி, சாக்கடையில் படிந்த கசடு, யாராவது இருட்டில் திறந்துவிட்டது எல்லாம் அப்போது சேர்ந்து வரும். மட்டம் ஏறும்போது கால் மணிக்கு ஒன்று, இறங்கும்போது மணிக்கு ஒன்று. ஏறும்போது 60 சென்டிமீட்டரில் எடுத்த தண்ணீரும் இறங்கும்போது அதே 60-ல் எடுத்த தண்ணீரும் ஒன்றல்ல, பாட்டிலைப் பார்த்தாலே நிறம் சொல்லும். ஆய்வகத்துக்கு அத்தனைக்கும் பணம் கட்ட முடியாதென்றால் கலந்து கொடுக்கலாம், ஆனால் சமமாகக் கலக்காதீர்கள். ஓட்டம் இரண்டு மடங்காக இருந்த நேரத்துப் பாட்டிலிலிருந்து இரண்டு மடங்கு ஊற்றுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1,000 கன மீட்டர். உங்கள் இடத்துக்கு வடியும் பரப்பு 10 சதுர கிலோமீட்டர், மழை 25 மி.மீ. என்றால் விழுந்தது 2.5 லட்சம் கன மீட்டர். ஆற்றில் வழக்கமான ஓட்டத்துக்கு மேல் கூடுதலாகப் போனது அதைவிட அதிகம் என்று வந்தால் மானியோ வளைவோ பரப்போ எங்கோ இடிக்கிறது. மிகவும் குறைவாக வந்தால் அணைக்கட்டு ஷட்டரை விசாரியுங்கள்.

பதிவேட்டில் பேனாவால் எழுதுங்கள், அடித்தால் ஒற்றைக் கோடு, அழிக்கவே கூடாது. நேரம் 24 மணிக் கணக்கில். அளவுகளைத் தானே பதியும் லாகர் கருவி உலக நேரத்தில் ஓடுகிறதா இந்திய நேரத்திலா என்று முதல் நாளே பார்த்து அட்டையில் எழுதுங்கள், ஐந்தரை மணி நேரம் நகர்ந்தால் இந்த ஆற்றில் காலை உச்சம் நள்ளிரவுக்குப் போய்விடும். மழை இல்லாத நாளுக்கு 0, பார்க்காத நாளுக்குக் கோடு. இரண்டையும் காலியாக விட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. மழைமானி பார்க்கும் அண்ணன் ஊருக்குப் போய்விட்டு வந்து மூன்று நாள் தண்ணீரைச் சேர்த்து அளந்தால் "மூன்று நாள் சேர்த்து" என்றே எழுதச் சொல்லுங்கள். மூன்றால் வகுத்துப் போடும் நல்லெண்ணம் வேண்டாம்.

இறங்குவதைப் பற்றி. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேகமாகப் போனால் யாரும் இறங்க வேண்டாம், பாலத்திலிருந்து எடுக்க முடிந்ததை எடுங்கள். தனியாக ஒருவர் ஒருபோதும் போகக் கூடாது, ஒருவர் கரையில் கயிற்றோடு நிற்க வேண்டும். அடிவாரம் போளுவாம்பட்டி வனச்சரகம், அங்கே மானி வைக்கவும் ஓடையில் இறங்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் யானை நடமாட்டம் என்று வாட்சர் சொன்னால் அன்றைய அளவு கிடையாது, பதிவேட்டில் கோடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். நகரத்துக்குக் கீழே இறங்குவதென்றால் முழங்கால்வரை கம்பூட், கையுறை, காலில் காயம் இருந்தால் அன்றைக்குக் கரை வேலை மட்டும். டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும். இறங்கிய ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், சாக்கடைத் தண்ணீரில் நின்றதைச் சொல்லி, எலிக்காய்ச்சலா என்று பார்க்கச் சொல்லுங்கள்.